கண் தெரியவில்லையா?



தெருவில் இருவர் மோதிக்கொண்டால் நம்மவர் வாயில் முதலில் வருவது, "கண் தெரியவில்லையா?" என்னும் கேள்வி. கேள்வி என்று சொன்னேன். உண்மையில் அது கேள்வி அன்று, வசவு. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. கேட்கப்பட்டவரும் விடை சொல்வதில்லை. ஒருவர் முறைக்கிறார், மற்றவர் நகர்ந்துவிடுகிறார், அத்தோடு முடிந்துபோகிறது. இந்த வசவை யாரேனும் ஒருவர், ஒரே ஒரு முறை, மெய்யான கேள்வியாகவே கேட்டிருந்தால், என் தந்தையாரின் வாழ்க்கையின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் வேறு விதமாகக் கழிந்திருக்கும். அதைப் பற்றியும், அதன் பொருட்டு 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நான் சைக்கிளில் சென்றதைப் பற்றியும் இன்று உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். என் தந்தையார் துணி வியாபாரி. வியாபாரி என்றதும் கடையையும் கல்லாப்பெட்டியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய கடை ஒரு சைக்கிள். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி ஆகியவற்றை மூட்டையாகக் கட்டிப் பின்னால் உள்ள கேரியரில் ஏற்றிக்கொண்டு, நாளொன்றுக்கு நான்கைந்து ஊர்கள் சுற்றிவருவார். தவணைக்குக் கொடுத்து, வாரந்தோறும் வசூலிப்பார். முப்பது ஆண்டுகள் அப்படி மிதித்தே எங்கள் மூவரையும் வளர்த்தார்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த சமயம், 1978-ஆம் ஆண்டையொட்டி, அவரிடம் சில மாறுதல்கள் தோன்றின. வீட்டில் நடக்கும்போது திண்ணைத் தூணில் தோள் இடிக்கும். ஓரமாக வைத்திருக்கும் தண்ணீர்ச் செம்பைக் காலால் தட்டிவிடுவார். தெருவில் பக்கவாட்டில் வருபவர் கைகூப்பினால் பேசாமல் போய்விடுவார். "துணிக்காரருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது" என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். என் தாயார் தட்டிவிட்ட செம்பை எடுத்து வைத்தபடியே, "கண் தெரியவில்லையா?" என்பார். நானும் கேட்டிருக்கிறேன். அதை இன்று சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் அந்திப்பொழுதில் அவர் வசூல் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். இடப்பக்கச் சந்திலிருந்து பழைய சைக்கிள் டயர் ஒன்றைக் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்தான். தந்தையார் அவன் மேல் மோதிவிட்டார். பையனுக்குக் கை எலும்பு முறிந்தது. கூட்டம் கூடியது. "கண் தெரியவில்லையா?" என்று அத்தனை பேரும் கேட்டார்கள். அன்றிரவு வீட்டில் நானும் அதையே கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் செய்தித்தாளை எடுத்து, விளக்கருகே உட்கார்ந்து, அதிலிருந்த மிகச் சிறிய எழுத்துக்களைத் தடையின்றிப் படித்துக் காட்டினார். "நன்றாகத்தானே தெரிகிறது? எனக்குத்தான் கவனம் போதவில்லை" என்றார். மறுவாரம் சைக்கிளை விற்றுவிட்டார். பிறகு தலையில் மூட்டையைச் சுமந்து, நடந்து போக முடிந்த ஊர்களுக்கு மட்டுமே போய்வந்தார்.

அவர் படித்தது உண்மை. அவருக்குக் கண் தெரியவில்லை என்பதும் உண்மை. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதை 1984-ஆம் ஆண்டில்தான் ஒரு டாக்டர் எங்களுக்கு விளக்கினார். அதற்குள் அவருடைய இடக்கண் முற்றும் போயிருந்தது. வலக்கண்ணில் மூங்கிற் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை எஞ்சியிருந்தது. அதுவரை, "வயதானால் வரும் புரைதான், முற்றட்டும், எடுத்துவிடலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவந்ததை நம்பி நாங்களும் காத்திருந்தோம்.

அன்பர்களே, புரைக்கும் இந்நோய்க்கும் உள்ள வேறுபாட்டை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். கண்புரை என்பது கண்ணுக்குள் உள்ள வில்லை மங்கிப்போவது. அதை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்புகிறது. அதற்குரிய வில்லை ஒரு காலத்தில் அயல்நாட்டிலிருந்து பெருவிலை கொடுத்து வாங்க வேண்டியதாயிருந்தது. 1992-ஆம் ஆண்டு முதல் மதுரையிலேயே அது குறைந்த விலையில் தயாராகிறது. என் தந்தையாருக்கு வந்ததோ கண் நீர் அழுத்த நோய். டாக்டர்கள் இதைக் கிளாக்கோமா என்பர்.

இங்கே நீர் என்றது கண்ணீரை அன்று. கண்ணின் உள்ளே, கருவிழிக்குப் பின்னால், தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரந்து, இடைவிடாது வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குவதுபோலக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் இருக்கின்றன. அழுத்தத்தால் அவை ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. பட்டுப்போன இழை மீண்டும் தளிர்ப்பதில்லை. சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து பார்ப்பது போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

இதில் மிகவும் கொடியது யாதெனில், பெரும்பாலோர்க்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒருவகை நோய் மட்டும் திடீரெனக் கடுந்தலைவலியோடும் வாந்தியோடும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையத்தைக் காட்டும். அப்படி வந்தவர் உடனே மருத்துவமனைக்கு ஓடுவார். மற்ற வகையோ அரவமின்றி வருகிறது. நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்து, ஓரங்களையே முதலில் அரிக்கிறது. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மறு கண் ஈடுசெய்கிறது. மூளையும் இல்லாத இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறது. எனவே இழந்தவருக்கே இழப்புத் தெரிவதில்லை. செய்தித்தாளின் சிற்றெழுத்தைப் படிக்கும் ஒருவருக்குச் சந்திலிருந்து ஓடிவரும் பிள்ளை தெரியாமற் போவது இதனால்தான்.

டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் தந்தையார் கேட்ட கேள்வி ஒன்றே. "அப்படியானால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மேல் நான் மோதியது கவனக்குறைவினால் அல்லவா?" டாக்டர், "இல்லை ஐயா, நீங்கள் அவனைப் பார்த்திருக்கவே முடியாது" என்றார். வீட்டுக்கு வந்ததும் என்னை அழைத்து, "அந்தப் பையன் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வா" என்றார். போகிறேன் என்றேன், போகவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முந்திய விஷயத்தை எப்படித் தொடங்குவது என்ற கூச்சம். சொட்டு மருந்து எஞ்சிய பார்வையைச் சில காலம் காத்தது. 1989-ஆம் ஆண்டில் அதுவும் அணைந்தது. இடையிடையே, "சொன்னாயா?" என்று கேட்பார். "பார்க்கவில்லை, அப்பா" என்பேன். 1996-ஆம் ஆண்டு அவர் காலமானார். அந்தக் கடன் என்னிடமே தங்கிவிட்டது.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், அவருடைய உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும் வருவதற்கு மற்றவர்களைவிடப் பன்மடங்கு வாய்ப்பு உண்டு. எனவே நாங்கள் மூவரும் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். நானும் என் தமக்கையும் அப்படியே செய்துவந்தோம்; எங்களுக்கு நோய் இல்லை. என் தம்பி மட்டும் வரவில்லை. அவன் சொந்தமாக வேன் ஓட்டிப் பிழைப்பவன். "எனக்கு இராத்திரியில் ஒரு பர்லாங்குக்கு அப்பால் உள்ள கல் தெரிகிறது, அண்ணா. எனக்கு எதற்குச் சோதனை?" என்று ஒவ்வோர் ஆண்டும் தட்டிக் கழித்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது, தந்தையார் பேரால் ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றிற்று. எங்கள் வட்டாரத்தில் கண் பரிசோதனை முகாம்கள் நடத்தும் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. இந்நோய்க்குரிய சொட்டு மருந்தை ஆயுள் முழுவதும் விட்டுவர வேண்டும். ஏழை ஒருவருக்கு மாதந்தோறும் அதை வாங்குவது எளிதன்று. அதற்காகப் பொருள் திரட்ட எண்ணினேன். தெரிந்தவர்களிடம், "நான் சைக்கிளில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் கொடுங்கள்" என்று கேட்டேன். சிலர், "பணத்தைச் சும்மா கேட்டாலே தருவோமே, இந்த வயதில் மிதிப்பானேன்?" என்றார்கள். காரில் போனால் ஊர்கள் பின்னே ஓடிவிடும்; சைக்கிளில் போனால் ஒவ்வோர் ஊரிலும் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும், குடிக்கும்போது நாலு பேரிடம் பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சு. தவிரவும், என் தந்தையார் விட்ட இடம் சைக்கிள்தானே?

பொங்கல் கழிந்த மறுவாரம், சென்னை எழும்பூரில் உள்ள அரசினர் கண் மருத்துவமனையின் வாயிலிலிருந்து புறப்பட்டேன். அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அம்மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே தலைமை மருத்துவராயிருந்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், 1909-ஆம் ஆண்டில், கண்ணின் வெண்படலத்தின் விளிம்பில் நுண்ணிய துளையிட்டு, தேங்கிய நீருக்குப் புதிய வடிகால் அமைக்கும் அறுவை முறையைக் கையாளத் தொடங்கினார். பல நாட்டு வைத்தியர்களும் அம்முறையைப் பின்பற்றினார்கள். எங்கள் ஊரிலிருந்து அந்த வாயிலுக்கு நூற்றிருபது கிலோமீட்டர். என் தந்தையார் பிறப்பதற்கு முன்பே அங்கே இந்நோய்க்குச் சிகிச்சை இருந்தது. எங்களிடம் இல்லாதது மருத்துவம் அன்று, அறிவு. அந்த வாயிலில் காலை ஐந்தரை மணிக்கு நின்றபோது இதுவே என் மனத்தில் ஓடிற்று.

எனக்குத் துணையாகத் தண்ணீரும் துண்டறிக்கைகளும் ஏற்றிக்கொண்டு வேனில் பின்தொடர்ந்தவன் என் தம்பியே. முதல் நாள் செங்கற்பட்டு. இரண்டாம் நாள் மாலை எங்கள் ஊர். சைக்கிளை நிறுத்திவிட்டு, இனியும் தள்ளிப்போடுவதில்லை என்று, அந்தப் பையனுடைய வீட்டைத் தேடிப் போனேன். பையன் என்கிறேன், அவருக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தடவிப் பார்த்து, "எனக்கு வலி மறந்துவிட்டது, அண்ணே. ஆனால் உங்கள் அப்பா இரண்டு மாதம் நாள் தவறாமல் வந்து என்னைப் பார்த்துப் போனார். போகும்போதெல்லாம் வாசற்படியில் இடறினார். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்போம்" என்றார். மறுநாள் விடியற்காலையில் அவர் தம்முடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு, விழுப்புரம் சாலையில் பத்துக் கிலோமீட்டர் வரை என்னோடு வந்தார். வழியில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று பயணம் தொடர்ந்தது. பெரம்பலூருக்கு இப்பால் ஒரு தேநீர்க் கடையில் வழக்கம்போல் என் கதையைச் சொன்னேன். கடைக்கார அம்மாள் கையில் வடிகட்டியோடு கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று, "இதோ, எங்கள் வீட்டுக்காரர் தினமும் இந்தப் பெஞ்சில் இடித்துக்கொள்கிறார். நானும் தினமும் ஏசிக்கொண்டிருக்கிறேனே!" என்றார். பிறகு உள்ளே திரும்பிக் கணவரை அழைத்தார். அவர் வந்தார், பெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தார். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. திருச்சிக்குப் போய்க் கண்ணைக் காட்டும்படி துண்டறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை வேனின் ஓரத்தில் உட்கார்ந்து என் தம்பி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, அந்த அம்மா சொன்னது என்னை உறுத்துகிறது. போன மாதம் ஒரு கேட்டில் வேனின் இடப்பக்கம் உராய்ந்துவிட்டது. அதற்கு முந்தின மாதமும் ஒருமுறை. கேட்காரன்மேல் சண்டைக்குப் போனேன்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. ஊர் ஊராய்ப் பேசிக்கொண்டு வந்த எனக்கு அந்த வேளையில் சொல் வரவில்லை.

துவரங்குறிச்சியில் ஓர் இரவு தங்கி, ஏழாம் நாள் மதுரை சேர்ந்தோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் ஊர் என்று மதுரையைக் கண் மருத்துவ உலகம் போற்றுகிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்பும் அறுவைக் கத்தி பிடிக்கப் பழகி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் அப்படித் தொடங்கலாம் என்றால், ஐம்பத்தாறு வயதில் நான் சைக்கிள் மிதிப்பது ஒரு பெரிய காரியமா? இந்த நினைவு எனக்கு வழியெல்லாம் துணையிருந்தது.

மதுரையில் ஒரு கண் மருத்துவரிடம் தம்பியை அழைத்துப் போனேன். இரு கண்களிலும் அழுத்தம் மிகுந்திருந்தது. கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார்கள். பின்னர் கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற கருவி ஒன்றில் முகவாயை வைத்து, ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு பித்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் அருகில் நின்றேன். புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. பல புள்ளிகளுக்கு அவன் விரல் அசையவே இல்லை. அவனோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தான். அதைவிடக் கடினமான நாழிகை ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததில்லை.

டாக்டர், "நல்ல வேளையாக வந்தீர்கள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். தான் மறுபடி சோதித்துச் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். வெளியே வந்ததும் தம்பி வேன் சாவியை என் கையில் வைத்தான். பிழைப்பையே எடுத்து வைப்பதுபோல் இருந்தது. மதுரையிலேயே வேறோர் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டோம். கோவிற்பட்டியிலும் திருநெல்வேலியிலும் நான் பேசவில்லை, தம்பிதான் பேசினான். "ஒரு பர்லாங்குக்கு அப்பால் உள்ள கல் எனக்குத் தெரிந்தது" என்று தொடங்கி அவன் சொன்னதைக் கூட்டம் கேட்டதுபோல், என் பேச்சை எங்கும் கேட்டதில்லை.

பத்தாம் நாள் பிற்பகல், காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளியைக் கடந்து கன்னியாகுமரி சேர்ந்தோம். மொத்தம் எழுநூறு கிலோமீட்டர். திரட்டிய பணத்தை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தோம். என் தம்பி இரவும் காலையும் மருந்து விட்டுக்கொள்கிறான். இரவில் ஓட்டுவதில்லை; டாக்டரின் அனுமதியுடன் பகலில் அளவாக ஓட்டுகிறான். அதன்பின் நடந்த சோதனைகளில் அவன் பார்வை மேலும் குறையவில்லை.

நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியவை மூன்று. தமிழகத்தில் நடந்த ஆய்வுகளில் இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியாமலே இருந்திருக்கிறார்கள். ஆகையால் நாற்பது வயது கடந்தவர் எல்லாரும், குறிப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரியும்போதே அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். கண் சிவந்தது, அரித்தது என்று மருந்துக்கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்துகள் கண் அழுத்தத்தை ஏற்றிவிடக் கூடும். மூன்றாவது, பணமும் மருந்தும் வேண்டாதது, மிகவும் எளியது. உங்கள் வீட்டில் ஒருவர் தூணில் இடித்துக்கொண்டால், செம்பைத் தட்டிவிட்டால், வாசற்படியில் இடறினால், "கண் தெரியவில்லையா?" என்று கேளுங்கள். ஆனால் அருகில் போய், தோளில் கை வைத்து, விடை வரும்வரை காத்திருந்து கேளுங்கள்.